அடைப்பும் ஓட்டமும்: சீன மரபு மருத்துவத்தில் இதய நோய்

சீன மரபு மருத்துவத்தில் இதயத்துக்குப் பெயர் ‘ஷின்’. மார்புக்குள் துடிக்கும் தசைப்பையோடு அந்தச் சொல்லின் பொருள் நின்றுவிடுவதில்லை. இரத்தத்தை ஓட்டுவது, நினைப்பது, உறங்குவது, மகிழ்வது, பேசுவது எல்லாமே ஷின்னின் வேலைகள். தமிழில் ‘நெஞ்சு’ என்றால் மார்பும் உண்டு, மனமும் உண்டு. ஷின்னும் ஏறத்தாழ அப்படிப்பட்ட சொல்தான். அதனால் படபடப்பு, தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத பயம் ஆகியவற்றையும் சீன மருத்துவர் இதய நோய்க் கணக்கில் சேர்ப்பார். நவீன மருத்துவம் இதய நோயாகக் கொள்ளும் கால் வீக்கத்தை அவர் சிறுநீரகக் கணக்கிலும் எழுதக்கூடும்.

அரசனும் அமைச்சர்களும்

இந்தப் பார்வைக்கு அடிப்படை நூல் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’, அதாவது மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவ நூல். கி.மு. 2, 1 நூற்றாண்டுகளை ஒட்டித் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் இந்நூல் உடலை ஓர் அரசாங்கமாக வரைகிறது. இதயம் அரசன், நுரையீரல் தலைமை அமைச்சர், கல்லீரல் படைத்தளபதி, மண்ணீரலும் இரைப்பையும் தானியக் களஞ்சியத்தின் பொறுப்பாளர்கள். அரசனுக்குள் குடியிருப்பது ‘ஷென்’ எனப்படும் உணர்வொளி. கண்ணின் தெளிவு, பேச்சின் கோவை, உறக்கத்தின் அமைதி ஆகியவை ஷென் நிலையாக இருப்பதன் அடையாளங்கள்.

ஐம்பூதக் கணக்கில் இதயம் நெருப்பைச் சேர்ந்தது. அதன் பருவம் கோடை, நிறம் சிவப்பு, சுவை கசப்பு, உணர்ச்சி மகிழ்ச்சி. அதன் வாசல் நாக்கு. அதன் நிலைமையைக் காட்டுவது முகப்பொலிவு. அதன் நீர் வியர்வை. அளவு மீறிய மகிழ்ச்சியும் இதயத்தைத் தளர்த்தும் என்பது இம்மருத்துவத்தின் கருத்து. இதயத்தைச் சுற்றியுள்ள உறை தனி உறுப்பாக எண்ணப்படுகிறது. வெளியிலிருந்து வரும் நோயை முதலில் அது தாங்கிக்கொள்ளும். அரசனுக்கு விழவேண்டிய அடியை ஏற்கும் மெய்க்காவலன் அது.

அரசன் தனித்து இயங்குவதில்லை. உணவிலிருந்து இரத்தத்தை ஆக்குவது மண்ணீரல். இரத்தத்தை முன்னே தள்ளும் ‘சி’ என்னும் உயிராற்றலைத் தருவது நுரையீரல். அந்த ஆற்றல் தடையில்லாமல் பாயப் பார்த்துக்கொள்வது கல்லீரல். சிறுநீரகத்தின் நீர் மேலேறி இதய நெருப்பைத் தணிக்க வேண்டும். இதய நெருப்பு கீழிறங்கிச் சிறுநீரகத்துக்குச் சூடு தர வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் முறிந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். எனவே இதய நோய்க்கு மருந்து எழுதும் சீன மருத்துவர் பல நேரம் மண்ணீரலுக்கோ சிறுநீரகத்துக்கோதான் மருந்து எழுதுகிறார்.

மார் அடைப்பு என்ற பழைய பெயர்

நெஞ்சுவலியைக் குறிக்கும் செவ்வியல் சீனச் சொல் ‘ஷியோங் பி’. ஷியோங் என்றால் மார்பு. பி என்றால் அடைப்பு, முடக்கம். தமிழின் ‘மாரடைப்பு’ என்ற சொல்லும் இதே இரண்டு பொருள்களின் கூட்டு. ஆனால் இரண்டும் ஒரே நோயைக் குறிப்பவை அல்ல. ஷியோங் பி என்பது மார்பில் பாரம், இறுக்கம், முதுகுக்குப் பாயும் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றின் தொகுதி. நடந்தால் வந்து நின்றால் தணியும் ‘ஆஞ்சைனா’ வலி அதற்குள் அடங்கும். நுரையீரல், இரைப்பைக் கோளாறுகள் சிலவும் அடங்கும்.

இன்றைய மாரடைப்புக்கு நெருக்கமானது ‘மெய்யான இதய வலி’ என்ற வேறொரு பெயர். நெய்ஜிங்கின் இரண்டாம் பகுதியான ‘லிங் ஷு’ அதை விவரிக்கிறது. கைகால்கள் மூட்டு வரை சில்லிட்டுப் போகும், வலி கடுமையாக இருக்கும், காலையில் கண்டால் மாலைக்குள் உயிர் போகும் என்பது அதன் குறிப்பு. அதிர்ச்சி நிலைக்குப் போகும் மாரடைப்பு நோயாளியின் குளிர்ந்த கைகளை அந்த மருத்துவர்கள் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதற்குச் சிகிச்சை இல்லை என்று முடிவு செய்திருந்ததும் தெரிகிறது.

படபடப்பு இரண்டு வகை. அதிர்ச்சியால், பயத்தால் வந்து போவது ஒன்று. வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் ஓயாமல் துடிப்பது மற்றொன்று. இரண்டாவது ஆழமான நோய். படுக்க முடியாத மூச்சிரைப்பும் கால் வீக்கமும் சேர்ந்த நிலை, இன்று இதயச் செயலிழப்பு எனப்படுவது, ‘நீர்’ நோய்களின் கீழ் வந்தது. இதயத்தின் சூடு குறைந்து, சிறுநீரகத்தின் சூடும் குறைந்து, ஆவியாக வேண்டிய நீர் உடலில் தேங்கிவிட்டது என்பது அதன் விளக்கம்.

வேரும் கிளையும்

காரணங்களாகக் கூறப்படுபவை ஐந்து: குளிர், கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவு, அடக்கிய கோபமும் கவலையும், அளவு மீறிய உழைப்பு அல்லது உடல் அசையாமை, முதுமை. இவை சேர்ந்து நோயை இரண்டு அடுக்குகளாக ஆக்குகின்றன. அடியில் இருக்கும் குறைபாடு ‘வேர்’: இதயத்தின் சி ஆற்றல், இரத்தம், குளிர்ச்சித் தன்மையான யின், சூட்டுத் தன்மையான யாங் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ குறைந்திருப்பது. மேலே தெரியும் மிகுதி ‘கிளை’: தேங்கிய இரத்தம், கபம், உறைந்த குளிர், முடங்கிய சி. வலி வரும்போது கிளையை வெட்ட வேண்டும். வலி தணிந்தபின் வேரைத் தேற்ற வேண்டும்.

ஓட்டம் இல்லாத இடத்தில் வலி என்பது சீன மருத்துவ மாணவர் முதலில் கற்கும் விதி. சீன மொழியில் ஓட்டத்துக்கும் வலிக்கும் சொல் ஒன்றேபோல ‘தோங்’ என்று ஒலிக்கும், குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே மாறும். இதய நோய்ச் சிகிச்சையின் பெரும்பகுதி இந்த ஒரு விதியின் விரிவு.

மணிக்கட்டிலும் நாக்கிலும்

நோயறிதல் நான்கு வழிகளில் நடக்கிறது: பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினவல், தொடுதல். தொடுதலில் முதன்மையானது நாடி. மருத்துவர் மூன்று விரல்களை நோயாளியின் மணிக்கட்டில் வரிசையாக வைக்கிறார். சித்த மருத்துவத்தில் அந்த மூன்று விரல்களும் வாதம், பித்தம், கபம் என்று படிக்கும். சீன முறையிலோ ஒவ்வொரு விரலுக்கும் ஓர் உறுப்பு; இடக்கையில் மணிக்கட்டை ஒட்டிய இடம் இதயத்துக்கு உரியது. மேலாகத் தொட்டு, நடுத்தரமாக அழுத்தி, எலும்பு வரை அழுத்தி என மூன்று ஆழங்களில் ஒவ்வோர் இடமும் படிக்கப்படுகிறது. 3ஆம் நூற்றாண்டில் வாங் ஷுஹே எழுதிய ‘மாய் ஜிங்’ 24 நாடிகளைப் பிரித்தது. 1564இல் லீ ஷிஜென் அவற்றை 27 ஆக்கினார்.

இதய நோயில் கவனிக்கப்படும் நாடிகள் சில. மூங்கிலைச் சிறு கத்தியால் சீவுவதுபோலச் சொரசொரப்பாக ஓடுவது இரத்தத் தேக்கத்தைக் காட்டும். யாழ் நரம்புபோல விறைத்து நிற்பது சி முடக்கத்தைக் காட்டும். மெதுவாக ஓடி ஒழுங்கில்லாமல் இடையில் நிற்பது ஒரு வகை. விரைவாக ஓடி ஒழுங்கில்லாமல் நிற்பது இன்னொரு வகை. குறித்த எண்ணிக்கைக்கு ஒருமுறை தவறாமல் நிற்பது மூன்றாவது. இ.சி.ஜி. வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, துடிப்பின் ஒழுங்கீனத்தை விரலால் இவ்வளவு நுணுக்கமாக வகைப்படுத்தியிருந்தார்கள்.

நாக்கும் சாட்சி சொல்கிறது. ஊதா நிறமும் கரும்புள்ளிகளும் நாக்கின் அடியில் புடைத்த நரம்புகளும் இரத்தத் தேக்கம். தடித்த பிசுபிசுப்பான படிவு கபம். வெளிறி வீங்கி ஓரத்தில் பல் தடம் பதிந்த நாக்கு யாங் குறைவு. படிவு குறைந்து நுனி சிவந்தது யின் குறைந்து நெருப்பு மேலெழுந்த நிலை. ஒரே ஆஞ்சைனா நோயோடு வரும் நான்கு பேருக்கு நான்கு நாக்குகள் இருக்கலாம். அவர்களுக்கு மருந்தும் நான்கு வகைதான்.

கஷாயங்களின் வரலாறு

கிழக்கு ஹான் ஆட்சியின் இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங், ஷியோங் பி நோய்க்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். மேலுடலின் யாங் தளர்ந்த இடத்தில் கீழிருக்க வேண்டிய யின் ஏறி உட்கார்ந்துகொள்வதே நோய் என்பது அவர் கருத்து. அவருடைய அடிப்படை மருந்தில் மூன்றே பொருள்கள்: நம் புடலங்காயின் இனத்தைச் சேர்ந்த குவாலோ காய், பூண்டின் உறவான ஷியேபாய் என்ற சிறு குமிழ், தானிய மது. நோயாளி படுக்க முடியாமல் தவித்து, வலி முதுகுவரை ஊடுருவினால் கபத்தை இறக்கும் கிழங்கு ஒன்று கூடும். மார்பில் காற்று திரண்டு நின்றால் லவங்க மரத்தின் இளங்கிளை கூடும்.

நாடி இடைவிட்டு நிற்கும் படபடப்புக்கு அவர் தந்தது வறுத்த அதிமதுரக் கஷாயம். அதிமதுரம், ஜின்செங், லவங்கக் கிளை, இஞ்சி, இலந்தை, ரெமானியா கிழங்கு, கழுதைத் தோல் பசை முதலியவை அதில் சேரும். இதயத்தின் சி ஆற்றலையும் இரத்தத்தையும் ஒருங்கே நிரப்புவது அதன் நோக்கம். நீர் தேங்கி உடல் சில்லிட்ட நிலைக்கு அவர் கையாண்டது ‘ஃபூட்ஸி’ என்ற பதப்படுத்திய வேர், தமிழ் மருத்துவம் நாபி என்று அறியும் நச்சுச் செடியின் சீன இனம். இன்றும் கஷாயம் காய்ச்சும்போது மற்றச் சரக்குகளுக்கு முன்பே இந்த வேரைத் தனியாகப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிடுவார்கள். ஆறிய துளி நாக்கை மரத்துப்போகச் செய்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவை பானைக்குள் போகும்.

சோங் காலத்து அரசு மருந்தக நூல் வாசனைச் சரக்குகளைக் கொண்டு திடீர் நோய்களுக்கு மருந்து சொன்னது. அதிலுள்ள ‘சூஹேஷியாங்’ உருண்டையில் கஸ்தூரி, அகில், சந்தனம், கிராம்பு, குந்திரிக்கம், பச்சைக் கற்பூரம் ஆகியவை உண்டு. கடைசிப் பொருளுக்குத் தமிழ் வணிகரோடு உறவு உண்டு. புகழ்பெற்ற கற்பூரம் விளைந்த சுமத்ராவின் பாரூஸ் பகுதியில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகக் குழுவின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இறுகிய துவாரங்களை வாசனை திறக்கும் என்ற கொள்கையில் எழுந்த இந்த மரபு, 20ஆம் நூற்றாண்டில் இதய மாத்திரைகளாக உருமாறியது.

‘இரத்தத் தேக்கம்’ என்ற கருத்துக்கு நடுநாயக இடம் தந்தவர் வாங் சிங்ரென் (1768–1831). 1797இல் ஒரு கொள்ளை நோயில் இறந்து, ஆழமாகப் புதைக்கப்படாமல் கிடந்த குழந்தைகளின் உடல்களைப் பல நாள் சென்று பார்த்தவர் அவர். பழைய நூல்களின் உடற்கூறு தவறென்று கண்டு, 1830இல் ‘மருத்துவ நூல்களின் பிழைதிருத்தம்’ என்ற நூலை வெளியிட்டார். நினைவின் இருப்பிடம் மூளையே, இதயம் அல்ல என்று எழுதினார். ஆனால் அவரும் தவறினார்: இறந்த உடலின் மார்புக்குள் தேங்கியிருந்த இரத்தத்தைக் கண்டு, உயிருள்ளவருக்கும் அங்கே ஓர் ‘இரத்த மாளிகை’ இருப்பதாக எண்ணினார். அந்த மாளிகையைச் சுத்தம் செய்ய அவர் எழுதியதே 11 சரக்குகள் கொண்ட ‘ஷுயேஃபு ஜூயூ’ கஷாயம். பீச் பருப்பு, குசும்பாப் பூ, சிவப்புப் பியோனி வேர், கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த சுவான்ஷியோங் வேர் ஆகியவை அதன் முதுகெலும்பு. உடற்கூறு பிழைத்தாலும் மருந்து நிலைத்துவிட்டது. இன்றைய சீன இதய மருத்துவத்தின் பெரும்பகுதி இந்தக் கஷாயத்தின் வழியில் வந்தது.

ஊசியும் உடற்பயிற்சியும்

அக்குபங்சர் முறையில் இதயத்துக்கு இரண்டு தடங்கள் முக்கியம். இதயத் தடம் அக்குளில் தொடங்கிக் கையின் உள்விளிம்பு வழியாகச் சுண்டுவிரலில் முடிகிறது. ஆஞ்சைனா வலி இடக்கையில் பரவும் வழியும் பெரும்பாலும் இதுவே. இதய உறைத் தடம் உள்ளங்கை நடுவை நோக்கி ஓடுகிறது. அதிலுள்ள ‘நெய்குவான்’ புள்ளி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் இருக்கிறது. நெஞ்சுவலி, படபடப்பு, குமட்டல் மூன்றுக்கும் அதுவே முதல் புள்ளி. மறுவாழ்வுக் காலத்துக்குத் தாய்ச்சியும் ‘எட்டுப் பட்டுத் துணி’ எனப்படும் பாதுவான்ஜின் அசைவுகளும் பரிந்துரைக்கப்படுகின்றன.

கஷாயத்திலிருந்து மாத்திரைக்கு

1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் மரபு மருத்துவக் கல்லூரிகள் எழுந்தபின், மரபு, நவீனம் என இரு மருத்துவங்களையும் படித்த தலைமுறை உருவானது. பெய்ஜிங்கின் ஷியுவான் மருத்துவமனையில் குவோ ஷிகுய், சென் கெஜி ஆகியோர் வாங் சிங்ரெனின் தேக்கக் கொள்கையை, இதயக் குழாய் அடைப்பான கரோனரி நோயோடு இணைத்தனர். டான்ஷென், சுவான்ஷியோங், சிவப்புப் பியோனி, குசும்பாப் பூ, வாசனை மரம் ஒன்று ஆகிய ஐந்தும் கொண்ட ‘குவான்ஷின் 2’ அவர்களின் புகழ்பெற்ற மருந்து.

டான்ஷென் துளசிக் குடும்பச் செடியின் செந்நிற வேர். அதன் டான்ஷினோன்களும் சால்வியனோலிக் அமிலங்களும் ஆய்வகத்தில் இரத்தத் தட்டணுக்களையும் குழாய்ச் சுவரையும் பாதிப்பது காணப்பட்டது. அவ்வேரும் சான்ச்சி கிழங்கும் பச்சைக் கற்பூரமும் சேர்ந்த சொட்டு மாத்திரை சீனாவில் மிகப் பரவலாக விற்பனையாகிறது. 1980களில் தியென்ஜின் நகரில் உருவான ‘சூஷியாவ் ஜியூஷின்’ மாத்திரை சுவான்ஷியோங்கும் கற்பூரமும் கொண்டது. பல முதியவர்களின் சட்டைப் பையில், நாக்கடியில் வைப்பதற்கென்றே சிறு பீங்கான் சீசாவில் அது இருக்கும்.

இந்த மாற்றத்தில் ஒன்று கைநழுவியது. நாக்கையும் நாடியையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதிய மருந்தின் இடத்தில், ‘கரோனரி நோய்’ என்ற மேற்கத்தியப் பெயருக்கு எல்லோருக்கும் ஒரே மாத்திரை வந்தது.

சோதனைக் களத்தில்

நெடுங்காலம் இம்மருந்துகளுக்கு ஆதரவாக இருந்தவை சிறிய, கட்டுப்பாடு குறைந்த ஆய்வுகள். காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் அவற்றின் தரம் போதாது என்றே மீண்டும் மீண்டும் முடிவு கூறின. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவில் நடந்த அக்குபங்சர் சோதனைகள் அனைத்துமே சாதகமான முடிவையே தெரிவித்ததைச் சுட்டியது. தோல்விகள் அச்சேறுவதில்லை என்ற ஐயம் அதிலிருந்து வலுத்தது.

பிறகு பெரிய சோதனைகள் வந்தன. செம்பூஞ்சையில் நொதித்த அரிசியிலிருந்து எடுத்த ‘ஷுயெஜிகாங்’ மருந்தை, முன்பு மாரடைப்பு கண்ட 4,870 சீன நோயாளிகளிடம் 1996 முதல் சோதித்தார்கள். இதய இறப்பும் மறு மாரடைப்பும் 10.4 விழுக்காட்டிலிருந்து 5.7 ஆகக் குறைந்தன. அந்த அரிசியின் முதன்மைப் பொருளான மோனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தேதான். எனவே இந்த வெற்றி பழங்கொள்கையின் வெற்றியா, ஸ்டாட்டினின் வெற்றியா என்ற கேள்வி எழுந்தது.

அட்டை, தேள், பூரான், சில்வண்டின் சட்டை ஆகியவற்றோடு ஜின்செங், சந்தனம், கற்பூரம் முதலியவை சேர்ந்த ‘தோங்ஷின்லுவோ’ மருந்து 3,777 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. எல்லோருக்கும் வழக்கமான நவீனச் சிகிச்சையும் தரப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, 30 நாளில் பெரிய இதய, மூளை நிகழ்வுகள் போலி மருந்துக் குழுவில் 5.2 விழுக்காடு, மருந்துக் குழுவில் 3.4 விழுக்காடு. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட இன்னொரு சோதனை இதயச் செயலிழப்பு கொண்ட 3,100க்கும் மேற்பட்டோரிடம் ‘சிலிசியாங்ஷின்’ மருந்தைப் பரிசோதித்தது. மருத்துவமனைச் சேர்க்கை அல்லது இதய இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 25 ஆனது. இம்மருந்தின் சரக்குகளில் டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தைப் போன்று இயங்கும் கிளைக்கோசைடு கொண்ட வேர்ப்பட்டையும் ஒன்று.

எல்லாச் சோதனையும் இப்படி முடியவில்லை. கஸ்தூரியும் தேரை நஞ்சும் கொண்ட ‘ஷெஷியாங் பாவ்ஷின்’ மருந்தை 2,674 பேரிடம் சோதித்தபோது, முதன்மை நிகழ்வுகளில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. டான்ஷென் சொட்டு மாத்திரை அமெரிக்க விதிமுறையின்கீழ் மூன்றாம் கட்டச் சோதனையை 2016இல் முடித்த பிறகும், மேலும் ஒரு சோதனை வேண்டியிருந்தது. அக்குபங்சரில் 404 ஆஞ்சைனா நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, நோயுற்ற தடத்தின் புள்ளிகளில் ஊசி போட்டவர்களுக்கு வலித் தாக்குதல் கூடுதலாகக் குறைந்ததைக் காட்டியது. வலியின் எண்ணிக்கை அங்கே நோயாளி குறிப்பேட்டில் தானே எழுதியது. இறப்பையோ மாரடைப்பையோ குறைக்குமா என்பது அந்த ஆய்வின் கேள்வி அல்ல.

மருந்தின் மறுபக்கம்

இதயத்தைத் தொடும் பொருள் இதயத்துக்குத் தீங்கும் செய்யும். சரியாகக் கொதிக்காத ஃபூட்ஸி வேரின் அக்கோனிடின் உயிரைப் பறிக்கும் தாளக் கோளாறை உண்டாக்கும். தேரை நஞ்சு டிஜாக்சின் என்ற இதய மருந்தைப் போலவே இயங்கும். அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும். படபடப்புக்கு எழுதிய கஷாயமே படபடப்பை வளர்க்கலாம். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் உண்பவருக்கு டான்ஷென் இரத்தக் கசிவைக் கூட்டும். நொதித்த அரிசி ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசைச் சேதத்துக்கு வாய்ப்பு. முறையாகத் தயாரிக்காவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் நஞ்சும் அதில் இருக்கலாம். சூஹேஷியாங் மரபில் வந்த ஓர் இதய மாத்திரையில் சேர்ந்த ஆடுதீண்டாப்பாளை இன வேர், அரிஸ்டோலோகிக் அமிலத்தால் சிறுநீரகத்தை அழிப்பதாகத் தெரிந்தபின் வேறு வேரால் மாற்றப்பட்டது.

சீனாவிலேயே இன்று கடும் மாரடைப்போடு வருபவருக்கு முதலில் செய்யப்படுவது அடைத்த குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி. மரபு மருந்து அதற்குத் துணையாக, பெரும்பாலும் அதற்குப் பின்னர் வருகிறது. மேலே கண்ட பெரிய சோதனைகளும் அந்தத் துணை இடத்தையே சோதித்தன. அவை அளந்தது குறிப்பிட்ட ஒரு மாத்திரையின் பயனை. இடக்கை நாடியில் இதயத்தைப் படிக்க முடியுமா, யாங் குறைந்தவருக்கும் கபம் மிகுந்தவருக்கும் வெவ்வேறு மருந்து தருவது ஒரே மருந்தைவிட நல்லதா என்ற கேள்விகளை அவை தொடவில்லை. ஆளுக்கு ஆள் மாறும் சிகிச்சையை எல்லோருக்கும் பொதுவான அளவுகோலில் நிறுத்துவது கடினம். தேக்கத்தை ஓடவிடு என்ற பழைய விதியிலிருந்து பிறந்த சில மருந்துகள் சோதனையில் தேறியிருக்கின்றன; அந்த விதி வகுத்த நோயறிதல் முறை இன்னும் அத்தகைய பெரிய சோதனைக்கு உட்படவில்லை.